ஊராட்சித் தேர்தல் நோட்டீஸை எப்படிப் படிப்பது?

உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிவிட்டால் கதவிடுக்கில் நோட்டீஸ் வந்து விழ ஆரம்பித்துவிடும். கும்பிட்ட கையோடு ஒரு படம், பக்கத்தில் பூட்டு சாவியோ ஆட்டோவோ ஒரு சின்னம், கீழே ‘வெற்றி பெற்றால் செய்யவிருக்கும் பணிகள்’ என்று நீளமாக ஒரு பட்டியல். எல்லாத் தெருவுக்கும் சிமெண்ட் சாலை, வீட்டுக்கு வீடு குடிநீர், கழிவுநீர்க் கால்வாய், எல்.இ.டி. விளக்கு, ஏரி தூர்வாருதல், பூங்கா, கண்காணிப்பு கேமரா, பேருந்து வசதி, டாஸ்மாக் கடை அகற்றம். நாலு பேர் நின்றால் நாலு நோட்டீஸும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அச்சடித்த இடம்கூட ஒன்றாக இருக்கலாம், அது வேறு கதை.

நகரத்தை ஒட்டிய கிராம ஊராட்சிகளில் மனை வாங்கி வீடு கட்டிக் குடிவந்தவர்களுக்கு இந்தப் பட்டியல் இன்னும் குழப்பம். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என எந்த நகரத்தைச் சுற்றியும் இப்படிப்பட்ட ஊர்கள் இருக்கின்றன. அஞ்சல் முகவரியில் நகரத்தின் பெயர் இருக்கும். வீட்டு வரி ரசீதில் ஊராட்சியின் பெயர் இருக்கும். அதுவரை மாநகராட்சியையும் கவுன்சிலரையும் மட்டுமே பார்த்துப் பழகியவருக்கு, ஊராட்சித் தலைவரால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பது தெரியாது. வேட்பாளருக்கே சில சமயம் தெரியாது.

நோட்டீஸில் உள்ள ஒவ்வொரு வரியையும் மூன்று கேள்விகளோடு படித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இந்த வேலை யார் கையில் இருக்கிறது? பணம் எங்கிருந்து வரும்? செய்து முடித்த பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்? இதில் மூன்றாவதுதான் வேட்பாளரை எடைபோடச் சரியான கேள்வி என்பேன். ஏனென்றால் அதற்கான பதில் மட்டும் எந்த நோட்டீஸிலும் இருக்காது.

முதலில் அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஊரகப் பகுதியில் ஒரு வாக்காளருக்கு நாலு ஓட்டு: கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர், கிராம ஊராட்சித் தலைவர், ஊராட்சி ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிறத்தில் வாக்குச்சீட்டு. முதல் இரண்டு பதவிகளுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது, அதனால்தான் பூட்டு சாவியும் ஆட்டோவும். யாருக்குப் பின்னால் எந்தக் கட்சி இருக்கிறது என்பது டீக்கடைக்குத் தெரியும், சட்டத்துக்கு மட்டும் தெரியாது. தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த அமைப்புக்கு அடித்தளம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தமும், அதையொட்டி வந்த 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்க வேண்டும் என்பது விதி. நடைமுறை அப்படி இல்லை. 2016-இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், எஞ்சிய 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும்தான் நடந்தது. 2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்ததும் அந்த ஊராட்சிகளுக்கெல்லாம் தலைவருக்குப் பதிலாக நிர்வாகம் பார்க்கத் தனி அலுவலர்கள் என்ற அரசு அதிகாரிகள் வந்தார்கள். மின்மோட்டார் பழுதானால் யாரிடம் போய் நிற்பது என்று அப்போது தேடியவர்களுக்கு, தலைவர் என்று ஒருவர் எதற்கு வேண்டும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

யார் கையில் இருக்கிறது?

ஊராட்சியின் நேரடிப் பொறுப்பு என்று பார்த்தால் குடிநீர், தெருவிளக்கு, குப்பை, ஊராட்சிச் சாலைகள், வடிகால், சுடுகாடு, சிறு குட்டைகள், வீட்டு வரைபட அனுமதி ஆகியவை. கேட்பதற்குச் சின்னப் பட்டியல் போலத் தோன்றும். ஆனால் ஒரு ஊரில் காலையிலிருந்து இரவுவரை மனிதரைப் படுத்துகிற சங்கதிகளில் முக்கால்வாசி இதற்குள் அடங்கிவிடும்.

சிக்கல் நோட்டீஸின் மற்ற வரிகளில்தான். பட்டா மாறுதல் வாங்கித் தருவேன் என்றால் அது வருவாய்த் துறை. கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ., தாசில்தாருக்குக் கட்டுப்பட்டவர். ஊராட்சித் தலைவருக்கு அல்ல. ஊராட்சியின் கணக்கு வழக்கைப் பார்ப்பவர் ஊராட்சி செயலர். புதிதாக வந்தவர்கள் இந்த இருவரையும் குழப்பிக்கொண்டு இங்குமங்கும் அலைவது சகஜம். ரேஷன் கடை கூட்டுறவுத் துறை. பேருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம். டாஸ்மாக் கடையை ஊராட்சித் தலைவர் பூட்ட முடியாது.

சாலையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஊருக்குள் ஓடுகிற எல்லாச் சாலையும் ஊராட்சிச் சாலை இல்லை. சில சாலைகள் ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம். பேருந்து போகிற பெரிய சாலை பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையுடையது. அந்தச் சாலையில் உள்ள குழியைக் காட்டித் தலைவரைத் திட்டினால் அவர் பாவம். அதையே ‘நான் போட்டுத் தருகிறேன்’ என்று அவர் நோட்டீஸில் அடித்திருந்தால் பாவம் நாம்.

ஏரியும் அப்படித்தான். ‘ஏரியைத் தூர்வாருவேன்’ என்பது எல்லா நோட்டீஸிலும் தவறாமல் இருக்கும் வரி. ஆனால் 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர் மற்றும் அதற்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பில் இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள சிறுபாசன ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. தலைவர் தன்னிஷ்டத்துக்கு ஜேசிபி கொண்டுபோய் இறக்க முடியாது, இறக்கினால் மண் எங்கே போனது என்று கேள்வி வரும். வரவும் வேண்டும்.

இவையெல்லாம் தலைவரால் ஆகாத காரியம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. கிராம சபையில் தீர்மானம் போடலாம், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம், எம்.எல்.ஏ.வை விடாமல் நச்சரிக்கலாம். நல்ல தலைவர்களின் பாதி நேரம் இந்த அலைச்சலில்தான் போகிறது. நோட்டீஸின் வாசகம் இங்கேதான் நமக்கு உதவுகிறது. ‘பேருந்து விடுவேன்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ‘காலை 8 மணிக்கு ஒரு பேருந்தை நம் ஊர் வழியாகத் திருப்பிவிடக் கேட்டுத் தீர்மானம் போட்டு, கிளை மேலாளரிடம் பேசுவேன்’ என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். இரண்டாமவருக்குத்தான் கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது.

பணம் எங்கிருந்து வரும்?

கிராம ஊராட்சிக்குப் பணம் வருகிற வழிகள் சில. சொந்த வருமானம் என்பது வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கட்டட அனுமதிக் கட்டணம், கடை உரிமக் கட்டணம் போன்றவை. பத்திரப் பதிவின்போது வசூலாகும் முத்திரைத் தீர்வையின் மீதான கூடுதல் வரியில் ஒரு பங்கு அரசு வழியாக வரும். அப்புறம் மாநில நிதிக்குழு மானியம், மத்திய நிதிக்குழு மானியம். இவை தவிர, குறிப்பிட்ட வேலைக்கென்றே வரும் திட்டப் பணம்.

மானியப் பணத்தை நினைத்தபடி செலவழிக்க முடியாது. 15-வது நிதிக்குழு 2021-22 முதல் 2025-26 வரை கொடுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே என்று கட்டிப்போட்ட பணம். மீதி 40 சதவீதத்தில்தான் ஊராட்சி தன் தேவைக்கேற்ப முடிவெடுக்கலாம், அதிலும் சம்பளம் கொடுக்க முடியாது. ஆகவே ‘மத்திய அரசு நிதியில் கலையரங்கம் கட்டுவேன்’ என்று ஒருவர் சொன்னால், அது எந்த நிதி என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.

நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளுக்கென்றே ஒரு பெரிய சங்கடம் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. மானியத்தைப் பிரிக்கும்போது மக்கள்தொகை முக்கியமான அளவுகோல். எந்த மக்கள்தொகை? 2011 கணக்கெடுப்பில் உள்ளது. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2011-இல் வயலும் முள்காடுமாக இருந்த இடத்தில் இன்று வரிசையாக ‘நகர்’ என்று பெயர் வைத்த மனைப்பிரிவுகள். அந்த வீடுகளில் இருப்பவர்கள் தண்ணீர் குடிக்கிறார்கள், குப்பை போடுகிறார்கள், விளக்கு எரியவில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிறார்கள். மானியக் கணக்கில் மட்டும் அவர்கள் இன்னும் பிறக்கவே இல்லை.

அந்த இடைவெளியை அடைக்கத் தலைவர் கையில் இருக்கிற ஒரே உருப்படியான கருவி வீட்டு வரி. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: ஒரு ஊராட்சியில் 1,500 வீடு, சராசரியாக ஆண்டுக்கு 600 ரூபாய் வரி. எல்லோரும் கட்டினால் 9 லட்சம். புதிதாகக் கட்டிய 500 வீட்டுக்கு இன்னும் வரியே விதிக்கவில்லை, விதித்த ஆயிரத்தில் முந்நூறு பேர் கட்டவில்லை என்றால் கையில் நிற்பது 4 லட்சத்து 20 ஆயிரம். பாதிக்கும் கீழே. இதை வைத்துத்தான் மோட்டார் பழுது, குழாய் உடைப்பு, ப்ளீச்சிங் பவுடர், மின்கட்டணம் என்று ஓட்ட வேண்டும்.

‘விடுபட்ட வீடுகளுக்கெல்லாம் வரி விதித்து வருமானத்தைப் பெருக்குவேன்’ என்று எந்த வேட்பாளரும் நோட்டீஸ் அடிக்க மாட்டார். அடித்தால் டெபாசிட் போய்விடும் என்ற பயம். அதில் அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் வீட்டு வாசலுக்கு வரும்போது நாமாகக் கேட்கலாம்: ‘தலைவரே, வரி பாக்கியை எப்படி வசூல் பண்ணப் போறீங்க?’ அதற்கு அவர் சொல்லும் பதிலைவிட, பதில் சொல்வதற்கு முன் அவர் முகம் போகிற போக்கில் நிறையத் தெரிந்துவிடும். (வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள், ரூபாய்க்கு 10 பைசா வீதம். ஊரில் நூலகம் பூட்டிக் கிடந்தால் அதையும் சேர்த்தே கேட்டுவிடலாம்.)

கணக்கிலிருந்து ஒரு கனவு பிறக்க முடியும் என்பதற்குக் கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்திலுள்ள ஓடந்துறை ஊராட்சி ஒரு சான்று. 1996 முதல் 2006 வரை அங்கே தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஆகிற மின்கட்டணம் ஊராட்சி வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது. அவர் அந்த ஒரு செலவைப் பிடித்துக்கொண்டார். ஊராட்சி சேமித்து வைத்திருந்த பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006-இல் நிறுவினார்கள். ஊராட்சியின் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். எல்லா ஊராட்சியும் காற்றாலை வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அந்த யோசனை மின்கட்டண ரசீதிலிருந்து தொடங்கியது, அதுதான் விஷயம். ரசீதைப் படிக்கிற தலைவர் வேண்டும்.

செய்து முடித்த பிறகு?

சரி, இப்போது மூன்றாவது கேள்வி. இதற்கு ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம்: ‘அனைத்துத் தெருக்களுக்கும் கழிவுநீர்க் கால்வாய்.’

புறநகர் ஊராட்சிகளில் பாதாளச் சாக்கடை பெரும்பாலும் கிடையாது. ஒவ்வொரு வீட்டிலும் செப்டிக் டேங்க், அது நிறைந்தால் கழிவுநீர் லாரி. குளிக்கிற, துவைக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தெருவுக்கு வருகிறது. தெருவில் தேங்கினால் கொசு. கால்வாய் கேட்பது நியாயம்தான். தலைவர் ஆர்வமாக ஒரு தெருவுக்குக் கால்வாய் கட்டுகிறார். 150 மீட்டர், இரண்டு பக்கமும் சிமெண்ட் சுவர், மேலே சிலாப். புகைப்படம், பேனர், பூசணிக்காய் எல்லாம் ஆயிற்று. கால்வாய் முடிகிற இடத்தில் ஒரு காலி மனை. தண்ணீர் அங்கே போய் நிற்கிறது. இரண்டு வருடம் யாரும் கண்டுகொள்வதில்லை. மூன்றாவது வருடம் மனைக்காரர் வீடு கட்ட வருகிறார். மண் கொட்டி மேடாக்கி, கால்வாயின் வாயை அடைத்துவிடுகிறார். அவர் செய்ததும் தப்பில்லை, அது அவர் மனை. தண்ணீர் இப்போது திரும்பி வந்து, கால்வாய் இல்லாத காலத்தைவிட மோசமாகத் தெருவில் நிற்கிறது.

எனவே கால்வாய் என்றதும் கேட்க வேண்டியது ‘எத்தனை மீட்டர்?’ என்று அல்ல; ‘எங்கே போய் முடியும்?’ என்று. ஓடையில் முடியும் என்றால், வழியில் உள்ள வாய்க்கால் புறம்போக்கை யார் ஆக்கிரமித்திருக்கிறார்கள்? ஏரியில் முடியும் என்றால் சோப்புத் தண்ணீரை ஏரிக்குள் விடுவதா? இதற்கெல்லாம் ஒரு தெருவை மட்டும் பார்த்து விடை கிடைக்காது. ஊரின் மேடு பள்ளம் பார்த்து, கடைசித் தெருவிலிருந்து பின்னோக்கித் திட்டம் போட வேண்டும். சில இடங்களில் கால்வாயே வேண்டாம், வீட்டுக்கு வீடு உறிஞ்சு குழி வெட்டினால் போதும், செலவும் குறைவு. ஆனால் உறிஞ்சு குழிக்குத் திறப்பு விழா நடத்த முடியாது என்பதால் அதற்கு நோட்டீஸில் இடம் கிடைப்பதில்லை.

கட்டி முடித்த கால்வாயை யார் தூர் அள்ளுவார்கள் என்பது அடுத்தது. ஊராட்சியில் தூய்மைப் பணிக்கு இருப்பவர்கள் கொஞ்சம் பேர். வீடு வீடாகக் குப்பை வாங்கும் தூய்மைக் காவலர்களின் மாத ஊதியத்தையே 2023-இல்தான் 3,600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அந்த ஊதியத்துக்கு மூன்று சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு, கொளுத்தும் வெயிலில் நகர் நகராகப் போகிறார்கள். வீடுகள் இரண்டு மடங்கானால் ஆட்களும் இரண்டு மடங்காக வேண்டும். ஆகவில்லை. ‘குப்பையில்லா ஊராட்சி’ என்று போட்டிருக்கும் வேட்பாளரிடம், ஆள் எத்தனை பேர், அவர்களுக்கு ஊராட்சிப் பணத்திலிருந்து கூடுதலாக ஏதாவது கொடுக்க வழியுண்டா, வாங்கிய குப்பையைப் பிரிக்கக் கொட்டகை எங்கே என்று கேட்டால் பேச்சு கனவிலிருந்து தரைக்கு இறங்கும். கொட்டகை தங்கள் நகருக்குப் பக்கத்தில் வரக் கூடாது என்று முதலில் மனு கொடுப்பதும் நாம்தான் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

குடிநீர்த் தொட்டிக்கும் இதே கதை. தொட்டி கட்டத் திட்டப் பணம் வந்துவிடும். அதைத் தினமும் திறந்து மூடுகிற ஆபரேட்டர், வாரம் ஒருமுறை குளோரின், மாதாமாதம் மின்கட்டணம் ஆகியவற்றைத்தான் யாரும் திட்டத்தில் சேர்ப்பதில்லை. ஊரகக் குடிநீருக்கு ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கிற அளவு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். நகர வாழ்க்கைக்குப் பழகி, மாடியில் ஆயிரம் லிட்டர் தொட்டியும் உள்ளே வாஷிங் மெஷினும் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது எங்கே போதும்? ஊர்க்காரர்கள் தெருக்குழாயில் குடம் வைத்துக் காத்திருக்க, நகர்க்காரர்கள் குழாயில் மோட்டார் போட்டு உறிஞ்சுவதும் நடக்கிறது. வேட்பாளர் இதைப் பற்றிப் பேசத் துணிந்தால் அவரைக் கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள்.

பூங்கா: ஏற்கெனவே இருக்கிற இடம்

பூங்கா அமைப்பேன் என்று சொல்பவரிடம் எந்த இடத்தில் என்று கேட்க வேண்டும். ஏனென்றால் இடம் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால் சாலைகள் போக 10 சதவீதம் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. 10,000 சதுர மீட்டர் வரை அதற்குப் பதிலாகப் பணம் கட்டிவிடலாம்; அதற்கு மேல் போனால் நிலமாகவே தர வேண்டும். சாலைகளையும் இந்த இடத்தையும் மனைப்பிரிவு போட்டவர் உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுதிக் கொடுத்த இடம் இன்று முள்வேலி போட்டு யாரோ ஒருவர் மாடு கட்டும் இடமாகவோ, கோயில் கொட்டகையாகவோ, சில சமயம் விற்கப்பட்ட மனையாகவோகூட இருக்கும். புதிதாகப் பூங்கா கட்டுவதைவிட, ஊராட்சியில் உள்ள தானப்பத்திரங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாக அளந்து கல் நடுவது பெரிய வேலை. பகையும் வரும். ‘நம் ஊராட்சிக்குச் சொந்தமான திறந்தவெளி இடங்களின் பட்டியலை வெளியிடுவேன்’ என்று ஒரே ஒரு வரி எழுதுகிற வேட்பாளருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுவேன். இதுவரை அப்படி ஒரு நோட்டீஸ் என் கண்ணில் படவில்லை.

மாநகராட்சியோடு சேர்வதா, வேண்டாமா?

நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளில் எல்லா வாக்குறுதிக்கும் மேலாகத் தொங்கிக்கொண்டிருக்கிற கேள்வி இது. 2025 ஜனவரியில் அரசு மாநகராட்சி, நகராட்சி எல்லைகளை விரிக்கப் போவதாக அறிவித்தபோது பல ஊராட்சிகளில் மறியலும் உண்ணாவிரதமும் நடந்தன. எதிர்ப்பவர்கள் சொன்னது இரண்டு: வரி ஏறும், நூறு நாள் வேலை போகும். இரண்டும் நியாயமான பயம்தான், ஏனென்றால் அந்த வேலைத் திட்டம் ஊரகப் பகுதிக்கு மட்டுமே உரியது. ஆனால் நகர்க்காரர்களில் பலர் சேர்வதையே விரும்புகிறார்கள். பாதாளச் சாக்கடை வரும், மனை விலை ஏறும் என்பது அவர்கள் கணக்கு. ஒரே ஊராட்சிக்குள் ஒரு தெருவின் பயம் அடுத்த தெருவின் ஆசையாக இருக்கிறது.

முடிவெடுப்பது அரசு, தலைவர் அல்ல. ஆனாலும் வேட்பாளர் தன் நிலை என்ன என்று சொல்லியாக வேண்டும். ஊருக்குள் போய் ‘சேரவிட மாட்டேன்’ என்றும், நகருக்குள் வந்து ‘சேர்ந்தால் நல்லதுதானே’ என்றும் பேசுகிறவர் இரண்டு பக்கமும் ஓட்டு வாங்கிவிடுவார். நகர்வாசிகள் சங்கமும் ஊர்ப் பெரியவர்களும் ஆதிதிராவிடர் குடியிருப்பு மக்களும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து அவரைக் கேட்டால் மட்டும்தான் இந்த இரட்டைப் பேச்சு வெளிப்படும். அப்படி ஒரு கூட்டத்தைக் கூட்டுவது கஷ்டம், தெரியும். செய்துவிட்டால் தேர்தலின் தரமே மாறிவிடும்.

நோட்டீஸுக்கு வெளியே பார்க்க வேண்டியவை

வார்டு உறுப்பினரைச் சும்மா ஒரு பேருக்கு என்று நினைத்து யாருக்கோ குத்திவிட்டு வருகிறோம். அது தவறு. ஊராட்சிப் பணத்தைப் பட்டுவாடா செய்யத் தலைவரோடு துணைத்தலைவரின் ஒப்புதலும் வேண்டும். துணைத்தலைவர் வார்டு உறுப்பினர்களிலிருந்து வருகிறவர். இருவருக்கும் ஆகவில்லை என்றால் தெருவிளக்குக்கு பல்பு வாங்குவதுகூட மாதக்கணக்கில் நிற்கும். திறமையான தலைவரும் அவருக்கு முட்டுக்கட்டை போடுகிற உறுப்பினர்களும் என்று ஒரு ஊர் தேர்ந்தெடுத்தால், ஐந்து வருடமும் பஞ்சாயத்துக்குப் பஞ்சாயத்துதான்.

2016 முதல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. நோட்டீஸில் பெண் வேட்பாளரின் படத்தைவிடக் கணவரின் படம் பெரிதாக இருந்தால், நாளை அலுவலக நாற்காலியில் யார் உட்காருவார் என்பது இன்றே தெரிந்துவிடுகிறது. கேள்வியை அந்த அம்மாவிடமே கேளுங்கள், அவரே பதில் சொல்லும்வரை காத்திருங்கள். பல ஊர்களில் முதல் வருடம் தயங்கியவர்கள் மூன்றாம் வருடம் வட்டார வளர்ச்சி அலுவலர், அதாவது பி.டி.ஓ., அலுவலகத்தையே கேள்வியால் திணறடித்திருக்கிறார்கள்.

இன்னொன்று, கோயிலுக்குப் பணம் கட்டுகிறவருக்கே தலைவர் பதவி என்று ஏலம் விடுகிற வழக்கம். 2019 தேர்தலிலும் இது செய்தியில் அடிபட்டது. ‘போட்டியில்லாமல் ஒற்றுமையாகத் தேர்ந்தெடுத்தோம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். ஏலத்தில் எடுத்தவர் போட்ட காசை எங்கிருந்து எடுப்பார் என்பதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. 2019-இல் தலைவர் வேட்பாளர் செலவழிக்கலாம் என்று மாநிலத் தேர்தல் ஆணையம் வைத்த உச்சவரம்பு 34,000 ரூபாய். உங்கள் தெருவுக்கு மட்டும் எத்தனை பிரியாணிப் பொட்டலம் வந்தது என்று எண்ணிப் பார்த்தாலே, அந்த வரம்பு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு வேட்பாளர் ஏற்கெனவே தலைவராகவோ உறுப்பினராகவோ இருந்தவர் என்றால் அவருடைய பழைய கணக்கு நமக்குக் கிடைக்கும். கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவை ‘படிவம் 30’ என்ற பெயரில் மக்கள் முன் வைக்க வேண்டும். சுருக்கத்தைப் பேனராகக் கட்டச் சொல்லி அரசே உத்தரவு போட்டிருக்கிறது. இ-கிராம் ஸ்வராஜ் என்ற மத்திய அரசு இணையதளத்தில் ஊராட்சியின் பெயரைத் தேடினால், நிதிக்குழு மானியத்தில் எந்த வேலைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஆண்டுவாரியாகப் பார்க்கலாம். கைப்பேசியிலேயே பார்க்க முடியும். ‘குடிநீர்க் குழாய் பராமரிப்பு’ என்று ஒரே தெருவின் பெயரில் வருடத்துக்கு மூன்று தடவை பணம் போயிருந்தால், அந்தத் தெருவில் குடியிருக்கும் நண்பரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைந்தபட்ச வருகையும் விதியில் உண்டு. 3,001 முதல் 10,000 பேர்வரை உள்ள ஊராட்சிக்கு 200 பேர், அதற்கு மேல் போனால் 300 பேர். பல இடங்களில் இந்தக் கணக்கு நூறு நாள் வேலைக்கு வந்தவர்களின் கையெழுத்தால்தான் நிறைகிறது. நகர்க்காரர்கள் விடுமுறை நாளில் தூங்குகிறார்கள். உங்கள் வேட்பாளர் கடந்த இரண்டு வருடத்தில் எந்தக் கிராம சபைக்காவது வந்து எதையாவது கேட்டிருக்கிறாரா? ஊரில் நாலு பேரை விசாரித்தால் தெரிந்துவிடும். நோட்டீஸின் பின்பக்கத்தில் அந்தப் பதிலைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் விசாரித்துவிட்டு, ஓட்டு பழைய முகவரியிலேயே இருந்தால் எல்லாம் வீண். உள்ளாட்சித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலைச் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான் வார்டு வாரியாகப் பிரித்துத் தயாரிக்கிறார்கள். வீடு மாறி வந்தவர்கள் படிவம் 8 கொடுத்துத் தங்கள் பெயரை முதலில் சட்டமன்றப் பட்டியலில் புதிய முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். அப்புறம் ஊராட்சிப் பட்டியல் வெளியாகும்போது பெயர் எந்த வார்டில் விழுந்திருக்கிறது என்று ஊராட்சி அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் கணவர் இரண்டாவது வார்டிலும் மனைவி ஐந்தாவது வார்டிலும் இருப்பதெல்லாம் நடக்கிற காரியம்தான். தேர்தல் அறிவிப்புக்கு முன்பே பார்த்துவிட்டால் திருத்த நேரம் இருக்கும்.